வாயை மூடி எடுத்த அளவு

இருபத்து நான்கு வயதில் ஒருத்தி நிலையான வேலை இல்லாமல் இருந்தால், பார்க்கிறவர்களுக்கெல்லாம் கேட்க ஒரே கேள்விதான் உண்டு: அடுத்து என்ன? கேட்டவர் பதிலுக்காக நிற்பாரா என்றால் அதுதான் இல்லை. கேள்வியையும் கேட்டு, பதிலையும் தானே சொல்லி, "யோசிச்சுப் பாரும்மா" என்று தோளில் ஒரு தட்டும் தட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். யோசிக்க வேண்டியவள் அவள் ஒருத்தி. சொல்லிவிட்டுப் போக மட்டும் ஊரே இருக்கிறது.

வீட்டில் அவளை வெடுக்கு என்பார்கள். வாயைத் திறந்தால் வெடுக்கென்று ஏதாவது வந்துவிடும் என்று ஆறு வயதில் அண்ணன் வைத்த பெயர். அப்பா சிரித்தார், அம்மா சிரித்தாள், பெயர் ஒட்டிக்கொண்டது. வளர்ந்த பிறகு அதே வாயைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

வேதியியல் படித்தாள். மூன்று வருடம் பரிசோதனைக் கூடத்தில் விரலைச் சுட்டுக்கொண்டு ஆசையாகப் படித்தவளை, படிப்பு முடிந்த மறுவாரமே போட்டித் தேர்வு வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ஒரு தேர்வு இரண்டு மதிப்பெண்ணில் போனது. இன்னொன்றை ரத்து செய்தார்கள். மூன்றாவதற்கு இன்றுவரை முடிவே வரவில்லை. நடுவில் அண்ணன் தன் அலுவலகத்தில் ஒரு நாற்காலி பிடித்துக் கொடுத்தான். ஒரு திரையில் இருப்பதைப் பார்த்து இன்னொரு திரையில் தட்ட வேண்டிய வேலை. முதல் திரையில் இருப்பதையே ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இவள் மூன்றாம் நாள் கேட்டாள். அதோடு அங்கே அவள் பெயர் கெட்டது. ஐந்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு வெளியே வந்தாள். "என் மானத்தை வாங்கிட்டா" என்று அண்ணன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஒரு வாரம் சொன்னான்.

ஒவ்வொரு தடவையும் வீட்டில் சொன்னது ஒன்றுதான். "போகப் போகப் பழகிடும்." பழகவில்லை. பழகாதது தன் குற்றம் என்று அவளே நம்ப ஆரம்பித்திருந்தாள். இருபத்து நான்கு வயதுப் பெண்ணை இப்படி நம்ப வைத்தார்களே என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

சும்மா வீட்டில் இருக்க வேண்டாம் என்று போய்ச் சேர்ந்த இடம், காது மிஷின் கடை. பெயர்ப் பலகையில் செவித்திறன் மையம் என்று இருக்கும். கீழே டயர் கடை, மேலே இது. டயரைச் சம்மட்டியால் அடிக்கும்போதெல்லாம் மேலே காதுப் பரிசோதனை அறையின் கண்ணாடி அதிரும். "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க" என்று சொன்னால், பாவம், வந்தவர்கள் டயர் கடைக்கும் சேர்த்துக் கையைத் தூக்குவார்கள். காது கேட்காதவர்களுக்குக் கடை வைக்க ஊரில் வேறு இடமே கிடைக்கவில்லை முதலாளிக்கு.

அங்கே அவள் வேலை, வருகிறவர்களின் அட்டையை எடுத்து வைப்பது, பெயர் கூப்பிடுவது, பசை பிசைவது. பசை என்றால், காதின் அளவு எடுக்கும் பசை. வெள்ளையும் இளஞ்சிவப்பும் இரண்டு உருண்டை; சேர்த்து அரை நிமிடத்துக்குள் பிசைந்து தர வேண்டும். தாமதித்தால் கையிலேயே இறுகிவிடும். இதில் அவளை மிஞ்ச ஆளில்லை. படித்த வேதியியல் இந்த அளவுக்காவது உதவியதே என்று அவளே தன்னைக் கிண்டல் செய்துகொள்வாள்.

அளவு எடுப்பவரைக் கடையில் எல்லாரும் காது சார் என்பார்கள். இருபத்திரண்டு வருட அனுபவம். காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பார். நூல் கட்டிய பஞ்சை உள்ளே தள்ளிக் காதைக் காப்பார். பிறகு பசையை ஊசி இல்லாத சிரிஞ்சில் அடைத்துக் காதுக்குள் இறக்குவார். இறக்கியதும் ஒரு வாக்கியம் சொல்வார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வார்.

"வாயை மூடிக்கிட்டு அசையாம உக்காருங்க."

ஐந்து நிமிடம் எல்லாரும் அப்படியே உட்காருவார்கள். இறுகிய பசையை உருவி எடுத்துத் தொழிற்கூடத்துக்கு அனுப்பினால், மூன்று நாளில் அதே வடிவத்தில் காதுக்கு அச்சு வந்துவிடும். மிஷின் காதுக்குப் பின்னால் இருக்கும். சத்தத்தை உள்ளே கொண்டுபோவது இந்த அச்சுதான். அது சரியாக அடைக்காவிட்டால் மிஷின் கீச்சென்று விசில் அடிக்கும்.

கணக்கு டீச்சர் நான்காவது தடவையாகப் படியேறி வந்தது ஒரு மாத ஆரம்பத்தில். நாற்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு மாதத்துக்கு முன் மிஷின் வாங்கியவர்.

"பேசினா விசில் அடிக்குதுங்க," என்றார் காது சாரிடம். "கணக்குச் சொல்லிக் கொடுக்க வாயைத் திறந்தாலே அடிக்குது. பசங்க திருப்பி விசில் அடிக்கறாங்க. போன வாரம் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு, இந்த மாசக் கடைசித் திங்கக்கிழமை நான் வந்து வகுப்புல உக்காருவேன், அன்னிக்கும் இப்படியே இருந்தா வகுப்பை வேற ஆளுக்குக் கொடுத்துடறேன், நீங்க நூலகத்தைப் பாத்துக்குங்கன்னு சொல்லிட்டார். பத்தொன்பது வருஷமா கரும்பலகை முன்னாடி நின்னவ நான்."

காது சார் மிஷினை மாட்டினார். "இப்ப அடிக்குதா?"

டீச்சர் தலையை ஆட்டினார். இல்லை.

"பாத்தீங்களா. பேசாம இருந்தா அடிக்கலை. மிஷின் சரியாத்தான் இருக்கு. நீங்கதான் கொஞ்சம் கம்மியா பேசிப் பழகணும். போகப் போகப் பழகிடும்."

வெடுக்கு கையிலிருந்த அட்டையைக் கீழே போட்டாள். யாருக்குச் சொல்கிறார் இதை? வாய்தான் பிழைப்பே என்று இருக்கும் ஒரு டீச்சருக்கு. நடக்காமல் இருந்தால் செருப்பு கடிக்காது என்று சொல்கிற செருப்புக் கடைக்காரர் உண்டா? டீச்சர் சண்டை போடவில்லை. மிஷினைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். அதைப் பார்க்கத்தான் இவளுக்குச் சகிக்கவில்லை.

காது சார் அட்டையில் ஒரு வரி எழுதி நீட்டினார். நோயாளி ஒத்துழைக்கவில்லை.

அந்த வரியை அவள் ஒன்றரை வருடமாக அடுக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். அன்றுதான் படித்தாள். மதியம் கடை காலியாக இருக்கும் நேரத்தில் இழுப்பறையைத் திறந்து, அந்த வருடத்து அட்டைகளை எல்லாம் தரையில் பரப்பினாள். நூற்றுத் தொண்ணூறு அட்டை. எழுபத்து நாலில் அதே வரி, அதே கையெழுத்து. லாரி ஓட்டுநர், தையற்காரம்மா, தச்சு வேலைக்காரர், ஓய்வு பெற்ற குமாஸ்தா. எழுபத்து நாலு பேரும் பேசிவைத்துக்கொண்டா ஒத்துழைக்காமல் போனார்கள்?

தரையில் உட்கார்ந்திருந்தவளுக்குத் திடீரென்று தன் அட்டையும் அங்கே கிடப்பது போல இருந்தது. தேர்வு வகுப்பில் சேர்த்தோம், ஒத்துழைக்கவில்லை. அலுவலகத்தில் உட்கார வைத்தோம், ஒத்துழைக்கவில்லை. அளவு எடுத்தவர்களை யாருமே ஒரு வார்த்தை கேட்பதில்லை. உட்கார்ந்தவர் மேல்தான் பழி. குபுக்கென்று அழுகை வந்தது. அது துக்க அழுகை இல்லை. கோபத்தில் வருகிற அழுகை. மூக்கு விடைத்துக்கொண்டு வரும்.

அழுதுகொண்டே சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். காது உள்ளே குறுகுறுத்தது. சுண்டு விரலை விட்டுக் குடைந்துகொண்டே மென்றாள். விரலை யாரோ உள்ளேயிருந்து தள்ளினார்கள். மெல்வதை நிறுத்தினாள், தள்ளுவது நின்றது. வாயைத் திறந்தாள், விரலைச் சுற்றிக் காது அகன்றது. நம்பாவிட்டால் நீங்களே விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். தாடை அசைந்தால் காதுக்குள்ளே சுவரும் அசைகிறது. வாயை மூடி வைத்து எடுத்த அளவு, வாயை மூடிக்கொண்டிருக்கிறவருக்குத்தான் பொருந்தும். வாயைத் திறந்ததும் இடைவெளி விழும், விசில் அடிக்கும். இத்தனை வருடமாக இந்தக் கடை ஊமைகளுக்கு அச்சு செய்துகொண்டிருந்திருக்கிறது.

ஓடிப்போய்க் காது சாரிடம் சொன்னாள். "சார், ஒரே ஒரு தடவை விரலை வச்சுப் பாருங்க."

"நீ வேலைக்கு வந்து எத்தனை நாளாச்சு?"

"ஒன்றரை வருஷம் சார்."

"நான் இருபத்திரண்டு வருஷம். போய்ப் பசையைப் பிசை."

முதலாளியிடம் போனாள். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "உன் வேலை அட்டை எடுத்து வைக்கறதுதானே? எடுத்து வச்சியா?" எடுத்து வைத்துவிட்டாள் என்று தெரிந்ததும், "அப்ப சரி" என்றார். பேச்சு அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனால் அங்கே அண்ணன் கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அதே அலுவலகத்தில் அதே நாற்காலி மறுபடியும் காலியாம். "மேலதிகாரி கால்ல விழாத குறையாக் கேட்டு வாங்கியிருக்கேன். மாசக் கடைசி சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். காது அழுக்கைப் பாத்துக்கிட்டு எத்தனை நாள் உக்காந்திருப்ப?"

அவள் வாயைத் திறந்தாள். "வாயை மூடிக்கிட்டு உக்காரு, அண்ணன் உன் நல்லதுக்குத்தானே சொல்றான்" என்றார் அப்பா.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்கும் திட்டு விழுந்தது.

மறுநாள் டீச்சருக்குப் போன் செய்யாமல் பள்ளிக்கூட வாசலிலேயே போய் நின்றாள். டீச்சரின் விரலைப் பிடித்து அவர் காதுக்குள்ளேயே வைக்கச் சொல்லி, "பேசுங்க டீச்சர்" என்றாள். டீச்சர் இரண்டு வார்த்தை பேசினார். முகம் மாறியது. சாயங்காலமே படியேறி வந்து காது சார் முன்னால் உட்கார்ந்தார். "இந்தப் பொண்ணு சொல்றபடி எடுத்தாத்தான் காதைக் காட்டுவேன்."

"என்னமோ பண்ணிக்குங்க. கெட்டுப்போனா என்னைக் கேக்காதீங்க," என்று காது சார் சிரிஞ்சை எடுத்தார்.

இங்கேதான் வெடுக்கு அவசரப்பட்டாள். பசை உள்ளே இறங்கியதும், "பேசுங்க டீச்சர், பேசிக்கிட்டே இருங்க" என்றாள். டீச்சர் ஐந்து நிமிடமும் பின்னக் கணக்குப் பாடம் நடத்தினார். இறுகுகிற பசை பேச்சுக்குப் பேச்சு நெளிந்தது. வந்த அச்சு மடிப்பும் வரியுமாக இருந்தது. மாட்டியதும் டீச்சர் வலியில் கண்ணை மூடிக்கொண்டார். விசிலும் நிற்கவில்லை.

காது சாருக்கு அன்றைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே அட்டையில் அதே வரியை இன்னொரு தடவை எழுதினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டீச்சர் திட்டினார். படியில் வைத்து, கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு. "உன்னை நம்பி ஒரு வாரம் போச்சு. இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு. நீயும் பழகிடும்னு சொல்லப் போறியா?"

"சொல்ல மாட்டேன் டீச்சர்."

அந்த இரவு முழுக்கத் தூங்கவில்லை என்றெல்லாம் நான் கதை விட மாட்டேன். நன்றாகத் தூங்கினாள். காலையில் கடையில் பஞ்சுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தபோது நூல்கண்டு தீர்ந்து, வெறும் கட்டை கையில் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாய் திறந்திருக்க வேண்டும். ஆனால் அசையவும் கூடாது. கட்டையைக் கழுவி, கொதிக்கும் நீரில் போட்டு எடுத்து, கையுறையின் ஒரு விரலை வெட்டி அதன்மேல் மாட்டினாள். தன் முன்பற்களுக்கு நடுவே வைத்துக் கடித்தாள். வாய் திறந்தபடியே நின்றது, தாடை அசையவில்லை. பேசத்தான் முடியவில்லை; முதலாளி என்னமோ கேட்டதற்கு "ஆ" என்றாள்.

டீச்சரை மறுபடி வரவழைக்க அவள் பட்ட பாடு தனி. மூன்று தடவை பள்ளிக்கூட வாசலுக்கு நடந்தாள். மூன்றாம் தடவை டீச்சர் வந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. காது சார் கட்டையைப் பார்த்துவிட்டு, "இது காதுக்கா, பல்லுக்கா?" என்றார். இவள் பதில் சொல்லவில்லை. அவளுக்கே அது பெரிய சாதனை. பசையைப் பிசைந்து கொடுத்தாள். டீச்சர் நூல்கட்டையைக் கடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

தொழிற்கூடத்தில் வேலை தேங்கி, அச்சு மாதக் கடைசிச் சனிக்கிழமை காலைதான் வந்தது. திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர் வகுப்பில் வந்து உட்காரும் நாள். காது சார் அச்சைக் குழாயில் பொருத்தி, மிஷினை மாட்டி, பழக்க தோஷத்தில் ஆரம்பித்தார். "வாயை மூடிக்கிட்டு..."

"வேண்டாம் சார்," என்றாள் வெடுக்கு. "டீச்சர், பேசுங்க."

டீச்சர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு அந்தச் சின்ன அறைக்கு ரொம்பப் பெரிய குரலில் சொன்னார். "மூணாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம். விசில் அடிச்சது யாரு? எந்திரி."

விசில் இல்லை. கீழே டயர் கடைச் சம்மட்டி மட்டும் கேட்டது.

"எந்திரின்னு சொன்னேன்ல."

இல்லை. டீச்சர் நிறுத்தவில்லை. பெருக்கல் வாய்ப்பாடு சொன்னார், பின்னம் நடத்தினார், ஹெட்மாஸ்டரைப் பெயர் சொல்லாமல் வாய்க்கு வந்தபடி திட்டினார், பிறகு காது சார் பக்கம் திரும்பினார். "ரெண்டு மாசமாக் கம்மியாப் பேசுன்னு சொன்னீங்களே, நான் என்ன ஊமைப் பள்ளிக்கூடத்துலயா வேலை பாக்கறேன்?" பத்து நிமிடம் பேசியிருப்பார். நிறுத்தச் சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் இல்லை.

அவர் போன பிறகு காது சார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சுண்டு விரலைத் தன் காதில் வைத்தார். தாடை மெதுவாகத் திறந்து மூடுவது பின்னாலிருந்து தெரிந்தது. ரொம்ப நேரம் அப்படியே நின்றார். இருபத்திரண்டு வருடம் என்பது சின்னக் கணக்கா என்ன. பிறகு திரும்பாமலே, "அந்த நூல்கட்டை எங்க?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அண்ணன், அப்பா, அம்மா மூவரும் கூடியிருந்தார்கள். "என்ன முடிவு பண்ணின?" என்றான் அண்ணன். கேட்டுவிட்டு வழக்கம்போல அவனே தொடர்ந்தான். "திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு என்கூடக் கிளம்பிடு."

"நான் வரலை."

"பின்ன?"

"காது அளவு, கேக்கற பரிசோதனை, அதுக்கு ரெண்டு வருஷப் படிப்பு இருக்கு. விண்ணப்பம் வாங்கிட்டேன். கடையில வேலை செஞ்சுக்கிட்டே படிக்கப் போறேன்."

அண்ணன் சிரித்தான். "ஊரெல்லாம் எங்கெங்கயோ போகுது, என் தங்கச்சி அடுத்தவன் காதுக்குள்ள போறா."

"எதுக்குமே ஒத்துவர மாட்டேங்கறாளே," என்றார் அப்பா, அம்மாவைப் பார்த்து. பக்கத்தில் நிற்கிற மகளைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவ்வளவுதான், பொங்கிவிட்டது. "ஒத்துவராம என்னப்பா? வகுப்புல போய் உக்காருன்னீங்க, உக்காந்தேன். ஆபீஸ்ல உக்காருன்னான், உக்காந்தேன். என்னைக்காவது உனக்கு எங்க வலிக்குதுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? வாயை மூடச் சொல்லிட்டு அளவு எடுத்தா எப்படிப்பா பொருந்தும்? பொருந்தலைன்னா நான் சரியில்லை. பொருந்தலைன்னா எனக்குப் பிடிவாதம். ஒரு தடவையாவது, நாம எடுத்த அளவு தப்போன்னு உங்க மூணு பேர்ல ஒருத்தருக்குத் தோணுச்சா?"

அண்ணனுக்குப் பாதி புரியவில்லை. அம்மாதான் கடைசியில், "விண்ணப்பத்தைக் காட்டு, பாக்கறேன்" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் கையை நீட்டினாள்.

திங்கட்கிழமை மதியம் டீச்சரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஹெட்மாஸ்டர் முக்கால் மணி நேரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். போகும்போது ஒன்றுமே சொல்லவில்லையாம். வகுப்பு டீச்சரிடமே இருக்கிறது. ஒரு மன்னிப்பாவது கேட்டிருக்கலாம் அந்த மனுஷன், கேட்பாரா!

வெடுக்கு இழுப்பறையைத் திறந்து எழுபத்து நாலு அட்டைகளையும் மேஜைமேல் வைத்தாள். காது சார் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் புதிதாக நூல்கட்டைகளைக் கழுவ ஆரம்பித்தார். முதலாளி வந்தார். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது.

"இவங்களை எல்லாம் கூப்பிடறதுன்னா கூப்பிடு," என்றார். "புதுசா ஒரு முறை வந்திருக்கு, இலவசமா அளவெடுத்துத் தர்றோம்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாது. எங்க தப்புன்னு மட்டும் வாயைத் திறந்த, தெரியும்."

சொல்லிவிட்டு, அவள் எப்படிப் பேசுகிறாள் என்று பார்க்க எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

முதல் அட்டை தச்சு வேலைக்காரருடையது. அறுபத்தெட்டு வயது. போனை எடுத்தது மருமகள்.

"காது மிஷின் கடையிலேருந்து பேசறேங்க. ஐயா மிஷினை மாட்டிக்கறாரா?"

"எங்கங்க? வாங்கின மாசமே பீரோவுக்குள்ள போட்டுட்டார். பட்டறைக்குப் போறதையும் விட்டாச்சு, யாரோடவும் பேச்சில்லை. நாங்களும் கத்திக் கத்தி ஓய்ஞ்சுட்டோம். அவருக்கு அவ்வளவு பிடிவாதங்க."

வெடுக்கு நிமிர்ந்து பார்த்தாள். எதிரே முதலாளி உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார்.

"பிடிவாதம் அவருக்கு இல்லைங்க," என்றாள் அவள், அவரைப் பார்த்துக்கொண்டே. "எங்களுக்குத்தான். அளவைத் தப்பா எடுத்தது நாங்க. ஐயாவை ஒரு தடவை கூட்டிக்கிட்டு வாங்க."

பிறகு இரண்டாவது அட்டையை எடுத்தாள்.